வண்டியே ஓடவில்லை, உங்களுக்கு என்ன வேலை?

ஊரடங்கு நாட்களில் எனக்குப் போன் செய்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். "கொரோனா வார்டில் இருக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான், ஒத்துக்கொள்கிறோம். நீங்கள் விபத்துக் கேஸ்தானே பார்க்கிறீர்கள்? வண்டியே ஓடவில்லை, உங்களுக்கு என்ன வேலை?" யாரும் குத்தலாகக் கேட்கவில்லை. கொஞ்சம் ஓய்வாவது கிடைக்கட்டுமே என்ற அக்கறைதான். நானும் "ஆமாம், கொஞ்சம் குறைவுதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். விளக்கிச் சொல்ல அப்போது தெம்பு இல்லை. இப்போது இருக்கிறது.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். எலும்பு முறிந்தவரோ, வயிற்றில் அடிபட்டவரோ, மண்டை உடைந்தவரோ, கத்தி வைக்கும் முன் என் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆபரேஷன் மேஜையில் தலைமாட்டில் நிற்பது என் இடம். அங்கிருந்து பார்த்தால் அறுவை நிபுணர் கண்ணுக்குப் படாத சில விஷயங்கள் தெரியும். அதில் முக்கியமானது கடிகாரம்.

போன் செய்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை. 2020 மார்ச் 9 அன்று இத்தாலி நாடு முழுவதையும் அடைத்தது. 23 அன்று பிரிட்டன், 25 முதல் இந்தியா. எங்கெங்கு கதவு சாத்தப்பட்டதோ அங்கெல்லாம் அடுத்த சில நாட்களிலேயே விபத்துப் பிரிவில் கூட்டம் சட்டென்று வடிந்தது. சாலை விபத்து குறைந்தது. கட்டட வேலை நின்றதால் சாரத்திலிருந்து விழுவது குறைந்தது. மைதானம் மூடியதால் விளையாட்டில் கால் பிசகி வருகிறவர்கள் இல்லை. ஆக, எண்ணிக்கை குறைந்தது நிஜம். கூடியது, ஒவ்வொரு கேஸுக்கும் பிடித்த நேரம். அடிபட்டவரைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கணக்குதான் உயிர்க்கணக்கு.

முதலில், யார் வருவது நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதியவர்களின் இடுப்பு எலும்பு முறிவு நிற்கவே இல்லை. காரணம் எளிது: அவர்கள் விழுவது சாலையில் இல்லை, வீட்டில். ராத்திரி கழிவறைக்குப் போகும்போது, மிதியடி தடுக்கி, நாற்காலியிலிருந்து எழும்போது தலை சுற்றி விழுகிறார்கள். எல்லாரையும் வீட்டுக்குள் இரு என்று சொன்னால் இந்த விபத்து எப்படிக் குறையும்? பல நாடுகளில் கணக்கெடுத்தபோது, மற்ற எலும்பு முறிவெல்லாம் சரிந்தபோதும் இது மட்டும் கிட்டத்தட்ட அதே அளவில் நின்றது. அதோடு ஏணியில் ஏறி வீட்டுக்கு வர்ணம் அடிக்கப் போய் விழுந்தவர்கள், மரம் அறுக்கும் மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகக் கருவியைக் கையில் எடுத்த ஒரு புதுக்கூட்டமும் வந்தது.

அப்புறம், வீட்டுக்குள்ளேயே அடிபட்டவர்கள். இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் விட்டுவிட்டால் படம் பொய்யாகிவிடும். லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில், ஊரடங்கின் முதல் மாதத்தில் மட்டும், வன்முறையால் தலையில் அடிபட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட 10 சிறு குழந்தைகள் வந்தார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மாத சராசரி ஒன்றுக்கும் குறைவு. ஒரே மருத்துவமனையின் கணக்குதான், ஆனால் ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வேலை போன வீடு, காசில்லாத வீடு, வெளியே போக வழியில்லாத வீடு. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்க்கமாட்டார், டீச்சர் காயத்தைப் பார்க்கமாட்டார்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கே 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கோடு மது விற்பனையையும் தடை செய்தார்கள். விபத்துப் பிரிவுகள் காலியாயின. ஜூன் 1 அன்று ஊரடங்கைத் தளர்த்தியபோது மது விற்பனையையும் திறந்துவிட்டார்கள். குத்துக்காயமும் சாலை விபத்தும் திரும்பி வந்தன. ஜூலை 12 அன்று அதிபர் ராமபோசா மறுபடி தடை போட்டார். காரணத்தை அவர் மறைக்கவில்லை: அடிதடியிலும் விபத்திலும் காயம்பட்டவர்கள் பிடிக்கும் படுக்கைகள் கொரோனா நோயாளிகளுக்கு வேண்டும். மூடுவதும் திறப்பதுமாக இப்படி ஒரு சோதனையை எந்த ஆராய்ச்சியாளரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது. ஊரடங்குதான் காயத்தைக் குறைத்தது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சாலைக் கணக்கும் மேலோட்டமாகப் பார்க்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 2020-இல் வண்டிகள் ஓடிய மொத்தத் தூரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அப்படியானால் சாவும் குறைந்திருக்கவேண்டும் இல்லையா? கூடியது. 2019-இல் சுமார் 36,000 ஆக இருந்த சாலைச் சாவுகள் அடுத்த ஆண்டு 38,000-ஐத் தாண்டின. இந்தியாவில் விபத்துகளும் குறைந்தன, சாவுகளும் குறைந்தன. ஆனால் 2019-இல் 4,49,002 விபத்துகளுக்கு 1,51,113 சாவு, 2020-இல் 3,66,138 விபத்துகளுக்கு 1,31,714 சாவு. வகுத்துப் பாருங்கள். நூறு விபத்துக்கு 34 பேர் இறந்த இடத்தில் 36 பேர் இறந்திருக்கிறார்கள். வெற்றுச்சாலை காலை ஆக்சிலேட்டரில் அழுத்த வைக்கிறது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. அப்படி வருகிறவருக்கு ஒரு எலும்பு மட்டும் முறிந்திருக்காது. நெஞ்செலும்பு, இடுப்பு வளையம், தொடை எலும்பு எல்லாம் ஒன்றாகப் போயிருக்கும். குறைந்த கேஸ், ஆனால் ஒவ்வொன்றும் கனமான கேஸ்.

இனி அந்தக் கடிகாரத்துக்கு வருகிறேன்.

பெருங்காயத்தோடு ஒருவர் வந்தால் சாதாரண நாளில் என்ன நடக்கும்? ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே ஆறேழு பேர் சூழ்ந்துவிடுவோம். ஒருவர் மூச்சுப்பாதை, ஒருவர் நெஞ்சு, ஒருவர் ரத்தம் கசியும் இடத்தில் அழுத்தம், ஒருவர் ஊசி போட நரம்பு தேடுவார், ஒருவர் துணியைக் கத்திரிப்பார். புத்தகத்தில் முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம் என்று வரிசையாக இருக்கும். நடைமுறையில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சந்தைக்கடை போல இருக்கும். அந்தக் கூச்சலுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. நெரிசலாக நிற்பதால்தான் வேலை வேகமாக நடக்கிறது.

ஊரடங்குக் காலம் முதலில் உடைத்தது அந்த நெரிசலைத்தான். வருகிறவர் யாராக இருந்தாலும் பரிசோதனை முடிவு வரும்வரை பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள் என்பது விதி. அறைக்குள் தேவையான ஆட்கள் மட்டும். மற்றவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. உள்ளே போவதற்கு முன் கவச உடை: கையுறை, மேலங்கி, என்95, முகமூடிக்கு மேல் கண்ணாடி, அதற்கு மேல் முகத்திரை, இரண்டாவது கையுறை. அவசரப்பட்டுப் போட்டால் எங்காவது இடைவெளி விட்டுப்போகும் என்று இன்னொருவர் பக்கத்தில் நின்று பட்டியலை வாசிப்பார். பழகிய பிறகும் அதற்கு நிமிடங்கள் பிடிக்கும். உள்ளே போனபின் மருந்து ஒன்று குறைந்தால் ஓடிப்போய் எடுத்து வரமுடியாது. கதவைத் தட்டி, பலகையில் எழுதிக் காட்டி, வெளியே இருப்பவர் கொண்டுவந்து வாசலில் வைத்து, அவர் விலகிய பிறகு எடுக்கவேண்டும்.

குரலும் போச்சு. என்95-க்கும் முகத்திரைக்கும் பின்னாலிருந்து நான் "அட்ரினலின்" என்று கத்தினால், எதிரில் நிற்கும் சிஸ்டருக்குக் கேட்பது ஏதோ ஒரு முனகல். மருந்துப் பெயர்களில் பாதி ஒரே மாதிரி ஒலிக்கும் என்பது எங்கள் தொழிலின் பழைய தலைவலி. அது பத்து மடங்கானது. அதனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லவைப்பது, விரலில் அளவு காட்டுவது, சிரிஞ்சில் ஒட்டிய லேபிளைத் தூக்கிக் காட்டுவது என்று எங்களுக்குள் ஒரு பாஷையே உருவானது. நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சில விநாடி.

மூச்சுக்குழாயில் டியூப் போடுவது என் வேலை. அதுதான் எல்லாரும் பயந்த கட்டம். நோயாளியின் வாய்க்கு நேர் எதிரே என் முகம். சாதாரண நாட்களில் முதலில் மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்திக் கொஞ்சம் ஆக்சிஜன் ஊதுவோம். அப்படி ஊதினால் ஓரத்தில் காற்று சிதறும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். கையில் கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப், அதாவது திரையில் பார்த்தே டியூப் போடும் கருவி. குனிந்து உள்ளே பார்க்கவேண்டாம் என்று. இருப்பதிலேயே அனுபவம் கூடியவர்தான் போடவேண்டும், முதல் முயற்சியிலேயே போகவேண்டும். நெஞ்சில் அடிபட்டு ஏற்கெனவே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பை அழுத்தாமல், பனி படர்ந்த கண்ணாடி வழியாக, கழுத்தெலும்பை அசைக்காமல் இதைச் செய்யவேண்டும். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு குறையக் குறைய அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலேயே எங்களுக்கு அது கேட்கும். அந்த நாட்களில் அந்தச் சத்தம் தாழ்வாக ஒலித்த நேரம் அதிகம்.

டியூப் உள்ளே போனபிறகு காத்திருப்பு. அறையின் காற்று மாறும்வரை மற்றவர்கள் உள்ளே வரக்கூடாது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று 12 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். நவீன ஆபரேஷன் தியேட்டரில் 20 முறை மாறினால் 14 நிமிடம். பழைய கட்டடத்தில் 6 முறைதான் என்றால் 46 நிமிடம். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிற ஆளை வைத்துக்கொண்டு 14 நிமிடம் யார் காத்திருப்பார்கள்? அப்படிப்பட்டவருக்கு யாரும் காத்திருக்கவில்லை. எல்லாரும் கவசத்தோடு உள்ளேயே நின்றோம். ஆனால் கொஞ்சம் நிதானமான கேஸ் ஒவ்வொன்றிலும், ஆரம்பத்தில் ஒருமுறை, டியூபை எடுக்கும்போது ஒருமுறை, பிறகு அறையைத் துடைக்க ஒருமுறை என்று நேரம் கரைந்தது. காலையிலிருந்து மாலைக்குள் முடியவேண்டிய பட்டியலில் பாதி மறுநாளைக்குப் போனது.

இதில் ஒரு கசப்பு இருக்கிறது. 2020 இறுதியில் பிரிட்டனில், தியேட்டருக்குள்ளேயே துகள் அளக்கும் கருவியை வைத்து ஒரு குழு அளந்து பார்த்தது. டியூப் போடும்போது வெளிவரும் நுண்துகள்கள், ஒருவர் ஒரேயொரு முறை இருமும்போது வருவதைவிட மிக மிகக் குறைவு என்று தெரிந்தது. எங்களைவிட, வார்டில் இருமுகிற நோயாளி பக்கத்தில் சாதாரண முகமூடியோடு நின்ற சிஸ்டருக்குத்தான் ஆபத்து அதிகம். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு விதி போட்டார்கள், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் தெரிந்தபிறகும் அந்த விதிகள் பல இடங்களில் மாதக்கணக்கில் மாறாமல் கிடந்தன. அதற்கு மன்னிப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

தியேட்டரின் காற்றோட்டம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எலும்பு ஆபரேஷன் நடக்கும் அறையில் காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கதவைத் திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியே போகும். வராந்தாவின் கிருமி உள்ளே வந்து திறந்த எலும்பில் உட்காராது. எலும்பில் சீழ் பிடித்தால் வருடக்கணக்கில் விடாது என்பதால் இந்த ஏற்பாடு. இப்போது மேஜையில் படுத்திருப்பவருக்கே கொரோனா என்றால்? அதே காற்று அவருடைய வைரஸை வராந்தாவுக்கு ஊதிவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் வெளியில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு, நோயாளியின் காலுக்கு ஆபத்து. சில இடங்களில் நடுவில் ஒரு முன்னறை அமைத்துச் சமாளித்தார்கள். சில இடங்களில் கதவை அடைத்து யாரும் போகாமல் வராமல் பார்த்துக்கொண்டார்கள். எலும்பைத் துளைக்கும் டிரில், அறுக்கும் ரம்பம், அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சிக் காயத்தைக் கழுவும் கருவி, ரத்தம் கசியும் இடத்தை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் டயதர்மியின் புகை, எல்லாமே காற்றில் எதையாவது கிளப்பிவிடுபவை. அதனால் முடிந்தவரை கையால், மெதுவாக. இங்கேயும் நேரம்.

இந்த நேரமெல்லாம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், காயச் சிகிச்சையில் பல மருந்துகளுக்கும் முறைகளுக்கும் காலக்கெடு உண்டு. டிரனெக்சாமிக் ஆசிட் என்று ஒரு மலிவான ஊசி. ரத்தக் கசிவை மட்டுப்படுத்தும். 2010-இல் 20,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு இது உயிரைக் காக்கிறது என்று நிரூபித்தது. ஆனால் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்குப் பின் போட்டால் நன்மை இல்லை, தீமையும் வரலாம். அந்த மூன்று மணிக்குள்ளேயே ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் பத்து சதவீதம் குறைகிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போகவேண்டும். காலின் தசை உறைக்குள் அழுத்தம் ஏறிவிட்டால், சில மணி நேரத்துக்குள் கீறித் திறக்காவிட்டால் தசை செத்துவிடும். ஆம்புலன்ஸ் ஊழியர் கவசம் போட ஐந்து நிமிடம், முந்தைய ஆளை இறக்கிவிட்டு வண்டியைக் கழுவ அரை மணி, வழியில் தடுப்பு, வாசலில் காய்ச்சல் பரிசோதனை, வரிசை. எதுவும் யாருடைய தவறும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒருவருடைய காலைப் பறித்துவிடும்.

ரத்தமும் தட்டுப்பாடானது. கல்லூரியும் அலுவலகமும் மூடினால் ரத்ததான முகாம் எங்கே நடத்துவது? அமெரிக்காவில் 2020 மார்ச் நடுவிலேயே ஆயிரக்கணக்கான முகாம்கள் ரத்தாகிவிட்டதாகச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. ரத்தத்தை நெடுநாள் சேர்த்துவைக்க முடியாது. சிவப்பணுக்கள் 42 நாள் தாங்கும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஐந்து முதல் ஏழு நாள்தான் தாங்கும். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களை நிறுத்தியதால்தான் பல ரத்த வங்கிகள் ஓரளவு பிழைத்தன.

தள்ளிப்போடுவது என்றதும் நினைவுக்கு வருவது அந்த பிரம்மாண்டமான எண்: உலகம் முழுவதும் முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ செய்யும் என்று கோவிட்சர்ஜ் என்ற சர்வதேசக் குழு 2020 மே மாதம் கணித்தது. அது பெரும்பாலும் திட்டமிட்ட ஆபரேஷன்கள். காயத்தைத் தள்ளிப்போட முடியாது என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆனால் காயத்துக்குள்ளேயே எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தரம் பிரிக்கவேண்டி வந்தது. ரத்தம் கொட்டினால் உடனே. எலும்பு வெளியே தெரிந்தால் அன்றே. மூடிய முறிவு என்றால் பார்ப்போம்.

அந்தப் "பார்ப்போம்" பகுதியில்தான் மாவுக்கட்டு மறுபடி ராஜாவானது. மணிக்கட்டு, தோள்பட்டை, கணுக்கால் என்று பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கக்கூடிய பலருக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். பிரிட்டனின் எலும்பு மருத்துவர்கள் சங்கம் இதை வெளிப்படையான வழிகாட்டுதலாகவே தந்தது: முடிந்தால் ஆபரேஷன் வேண்டாம், வீட்டிலேயே கழற்றக்கூடிய கட்டு போடு, தானாகக் கரையும் நூலால் தைத்துவிடு, மறுபடி வரவழைக்காதே, வீடியோவில் பார். முதலில் இதைப் படித்தபோது பின்னோக்கிப் போகிறோம் என்று என் சக டாக்டர்கள் சிலர் கொதித்தார்கள். என் கருத்து வேறு. முதியவர்களின் தோள்பட்டை முறிவில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2015-லேயே பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. மணிக்கட்டு எலும்பை நேராக்கியபின் கம்பி குத்துவதும் மாவுக்கட்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2022-இல் இன்னொன்று வந்தது. ஆக, ஊரடங்கு எங்களை நிறுத்தவைத்த சில ஆபரேஷன்கள் ஏற்கெனவே கேள்விக்குறியோடு இருந்தவை. கத்தி எடுக்கக் கை துறுதுறுக்கும் தொழிலுக்கு அந்தக் கட்டாயப் பத்தியம் நல்லதே செய்தது.

எல்லா எலும்புக்கும் இது பொருந்தாது. கட்டுக்குள் முறிவு நழுவியிருக்கிறதா என்று ஒரு வாரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். வரப் பயந்தவர்கள், வரமுடியாதவர்கள் அந்த எக்ஸ்ரேவுக்கு வரவில்லை. கோணலாகக் கூடியபின் வந்தார்கள். அப்போது அந்த எலும்பை மறுபடி உடைத்துச் சேர்ப்பது, முதல் நாளிலேயே பிளேட் வைப்பதைவிட நான்கு மடங்கு வேலை. வலியும் அப்படித்தான்.

இடுப்பு எலும்பு உடைந்த முதியவர்கள் விஷயத்தில் இந்தத் தள்ளிப்போடும் வழியே இல்லை. கொரோனா பாசிட்டிவ் என்று தெரிந்தால் ஆபரேஷனை ஏழு வாரமாவது தள்ளுவது நல்லது என்று அதே கோவிட்சர்ஜ் குழு 1,40,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவைப் பார்த்துச் சொன்னது. திட்டமிட்ட ஆபரேஷனுக்கு அது சரி. இடுப்பு உடைந்த எண்பது வயதுக்காரரை ஏழு வாரம் படுக்கையில் போட்டால் நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, முதுகில் புண் எல்லாம் வரிசைகட்டி வரும். பிரிட்டனில் 36 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று அளவுகோலே வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், ஆபரேஷனை ஒட்டிக் கொரோனா உறுதியான 1,128 பேரின் தரவில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். கிட்டத்தட்ட நாலில் ஒருவர். செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து. நாங்கள் செய்தோம். முழு மயக்கம் கொடுத்து டியூப் போடாமல், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்து. நுரையீரலைத் தொடாமல் விடுவது அவர்களுக்கு நல்லது, டியூப் போடாமல் இருப்பது எங்களுக்கும் நல்லது.

ஒரு அம்மாவைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலது இடுப்பு முறிந்து வந்திருந்தார். உடன் வந்த மகனை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவருக்குக் காது மந்தம். கேட்கும் கருவி வீட்டிலேயே இருந்துவிட்டது. இத்தனை நாளும் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது எங்கள் முகமூடிகளுக்கு முன்னால்தான் தெரிந்தது. வெள்ளை உடையில் கண் மட்டும் தெரியும் நாலு பேர் சுற்றி நின்று ஏதோ முனகுகிறோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா நீ? மூஞ்சியைக் காட்டு" என்றார். என் மேலங்கியில் நெஞ்சுப் பக்கம் என் சிரித்த முகத்தின் போட்டோ ஒட்டியிருந்தது. அப்போது பல மருத்துவமனைகளில் அப்படி ஒட்டிக்கொண்டார்கள். அதைக் காட்டினேன். அதையும் என் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது உன் தங்கச்சியா?" என்றார்.

சம்மதம் வாங்கியது போனில். "அம்மா பயந்திருப்பாங்க டாக்டர், நான் கேட் பக்கத்துலதான் நிக்கிறேன், ஒரு அஞ்சு நிமிஷம் விட்டா சொல்லிட்டு வந்திடுவேன்" என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டார். விதிப்படி முடியாது. ஸ்பீக்கரில் போட்டு போனை அம்மாவின் காதருகே வைத்தேன், ஆனால் அவருக்குத்தான் கேட்காதே. கடைசியில் ஒரு சிஸ்டர் வீடியோ போட்டு, மகனை முகமூடியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசச் சொன்னார். உதட்டைப் பார்த்ததும் அந்த அம்மா அமைதியானார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி குழம்பிப்போய், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். முதியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வரும் இந்த மனக்குழப்பத்துக்கு மாத்திரையைவிடச் சிறந்த மருந்து, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருப்பது. அதை நாங்கள் வாசலிலேயே நிறுத்தியிருந்தோம். வார்டுகளில் உறவினர் ஒருவரையாவது கவசத்தோடு அனுமதித்திருக்கலாம். அன்றும் இதைச் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

ஐசியு பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று மட்டும். எங்கள் வெண்டிலேட்டர்களும் மயக்க மருந்துகளும் அங்கே போயின, அவற்றோடு ஆட்களும் போனார்கள். மயக்க மருந்து டாக்டர்தான் வெண்டிலேட்டருக்குப் பழகியவர், அதனால் நாங்கள் முதலில். வேடிக்கை என்னவென்றால் எலும்பு டாக்டர்களையும் கூப்பிட்டார்கள். வெண்டிலேட்டரில் இருப்பவர்களைக் குப்புறப் படுக்கவைத்தால் ஆக்சிஜன் ஏறும்; ஒருவரைத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும், டியூபும் ஊசிக்குழாயும் கழன்றுவிடாமல். முதுகெலும்பு உடைந்தவரை மரக்கட்டை போல அசையாமல் உருட்டிப் பழகிய எலும்புப் பிரிவுப் பையன்களுக்கு அது கைவந்த கலை. தினமும் வார்டு வார்டாகப் போய்த் திருப்பிவிட்டு வந்தார்கள். ஆனால் அவர்கள் படிக்க வந்த வேலை அது இல்லை. படிப்புக் காலத்தில் ஒரு வருடம் டிரில் பிடிக்காமல் போனவர்கள் இப்போது தனியாக ஆபரேஷன் செய்கிறார்கள். பெரும்பாலோர் அதற்குப் பின் ஈடுகட்டிவிட்டார்கள். சிலருக்கு இன்னும் அந்தத் தயக்கம் கையில் தெரிகிறது.

கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத ஒரு இழப்பு. எலும்பைச் சேர்ப்பது பாதி வேலை. மீதி பிசியோதெரபி. முட்டிக்குப் பக்கத்தில் பிளேட் வைத்த காலை முதல் வாரத்திலிருந்தே மடக்கிப் பழக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தழும்பு இறுகிப்போகும். ஊரடங்கில் வெளிநோயாளிப் பிரிவு மூடியது. பிசியோதெரபிஸ்ட்டுகளை நெஞ்சுப் பயிற்சி கொடுக்கக் கொரோனா வார்டுக்கு அனுப்பினார்கள். வீடியோவில் பயிற்சி சொல்லிக்கொடுத்தது இளைஞர்களுக்குப் பலன் கொடுத்தது. போன் இல்லாதவருக்கு, நீட்டிப் படுக்க இடமில்லாதவருக்கு, வலிக்கும்போது கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் என்று சொல்ல ஆள் வேண்டியவருக்கு அது போதவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நேர்கோடாக இருக்கும், முட்டி பாதிகூட மடங்காது. அவர்களில் பலர் மாதங்கள் கழித்து மறுபடி என்னிடம்தான் வந்தார்கள், மயக்கத்தில் வைத்து முட்டியை மடக்கிவிடுவதற்காக. மடக்கும்போது உள்ளே தழும்பு கிழிகிற சத்தம் தலைமாட்டில் நிற்கும் எனக்கே கேட்கும். சிலருக்கு அதற்குப் பிறகும் கீழே உட்கார்ந்து எழ முடியவில்லை.

அடுத்த தொற்றுக்கான திட்டக் கூட்டங்களில் வெண்டிலேட்டர் எத்தனை, கவச உடை எத்தனை என்று பட்டியல் போடுகிறார்கள். போடட்டும், வேண்டியதுதான். காயம்பட்டவர்களுக்கென்று ஒரு தியேட்டரையும் அதற்கான ஆட்களையும் யாரும் எடுத்துக்கொள்ளாதபடி தனியாக வைக்கவேண்டும் என்று நான் கேட்கிறேன். அதற்கு எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அந்த ஆட்களில் பிசியோதெரபிஸ்ட்டையும் எழுதுங்கள் என்று சொன்னால்தான், அது பிறகு பார்த்துக்கொள்ளலாமே டாக்டர் என்கிறார்கள்.